பூட்டிய கொட்டகையில் ஓடிய மோட்டார்

லைன் வேலைக்கு அப்ரெண்டிஸாகச் சேர்ந்த புதிதில், கம்பத்தடியில் சும்மா நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று சலித்துக்கொண்டிருந்தேன். வேலை காட்டிய லைன்மேன் செல்வராசு என்னைவிட இளையவர்.

ஒரத்தநாட்டுப் பக்கம், ஒரு மதியம். மிராசுதாருக்கும் குத்தகைதாரருக்கும் வழக்கு நடந்ததால் அந்த வயல் தரிசாகக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை. செல்வராசு லைனில் கரண்டை நிறுத்த டிரான்ஸ்பார்மரிலிருந்து ஃபியூஸ்களைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

"நான் இறங்குற வரைக்கும் இது உங்க பையிலயே இருக்கட்டும்ண்ணே. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க."

தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டக் கம்பத்தில் ஏறினார். உச்சிக்குப் போயிருப்பார். நடுவயலில் பூட்டிக் கிடந்த கொட்டகைக்குள் மோட்டார் உறுமியது. குழாய் இருமி இருமித் தண்ணீரைக் கொட்டியது. பையைத் தடவினேன். ஃபியூஸ்கள் அப்படியே இருந்தன.

"தம்பி, தொடாதீங்க! மோட்டார் ஓடுது!"

கம்பிக்கு ஒரு சாண் தள்ளி அவர் கை நின்றது.

மிராசுதார் ஆட்கள் அடுத்த லைனிலிருந்து கொட்டகைக்குத் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டிருந்தார்களாம். அந்தக் கரண்டு கொட்டகை வழியாக எங்கள் கம்பியிலும் ஏறியிருந்தது. ஆனால் கொட்டகைப் பூட்டில் சிலந்தி வலை கலையாமல் இருந்தது. சுவிட்சைப் போட்டது யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

அப்ரெண்டிஸ் சேரலாமா என்று யாராவது கேட்டால், முதலில் கம்பத்தடியில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பேன். முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த மோட்டார் சத்தம் கேட்கும்.