மேடேறி வந்த அலறல்

போன வாரம் ஏற்காடு ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் என் டீக்கடைக்கு ஒரு பையன் பைக்கில் வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை வேண்டுமென்று பின்சக்கரத்துக்குப் பெரிய ஸ்பிராக்கெட் மாட்டியிருப்பதாகக் கூட வந்தவனிடம் பெருமையாகச் சொல்லி, ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினான். இஞ்சின் அலறியது. நான் பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஐம்பது வயதுக்காரி பைக் சத்தத்துக்குப் பதறினாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். "சும்மாதானுங்க அக்கா" என்றான். நான் சிந்திய பாலைத் துடைத்தேன்.

செயின் மாட்டும் அந்தப் பல்சக்கரம் பெரிதாக இருந்தால் வண்டி மேடு நன்றாக ஏறும், வேகம் போகாது, சத்தம் ஊரைக் கூட்டும். அப்பாவின் பைக்கும் அப்படித்தான். கரடியூர்ப் பக்கம் மிளகு வாங்கி மூட்டை கட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் குடித்துவிட்டு வருவார். கையில் எது கிடைக்கிறதோ அதால் அடி. ஆனால் கீழே வளைவில் வரும்போதே வண்டி கத்துவது கேட்டுவிடும். பக்கத்து வீட்டில் அதைக் கேட்டுத்தான் விளக்குப் போடுவார்கள். அம்மா அரிவாள்மனையை ஒளித்துவைப்பாள். "கண்ணு, தம்பியத் தூக்கிக்கிட்டு காப்பிக்காட்டுக்குள்ள போயிரு" என்பாள். அவளுக்கு அடி விழாமல் இருந்ததில்லை. எங்கள்மேல் விழாது, அவ்வளவுதான்.

சேலத்தில் யாரோ அவரைச் சீண்டியிருக்கிறார்கள். "இது வண்டிங்களா, மாவு மிசினுங்களா?" ரோஷத்தில் அங்கேயே சின்ன ஸ்பிராக்கெட்டை மாட்டி, கழற்றியதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே திரும்பினார். வண்டி கத்தவில்லை. அம்மா வாசலில் காப்பிக்கொட்டையைக் கிளறியபடி பக்கத்து வீட்டு அக்காவோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவன நெனச்சுடி இந்தச் சிரிப்பு?"

பையைச் சுழற்றி அடித்தார். இரும்புப் பற்கள் துணியைக் கிழித்துக்கொண்டு அவள் புருவத்தில் இறங்கின. தோல் பிளந்து கண்மேல் தொங்கியது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தார். குறுக்கே வந்த அக்காவின் கையை முறுக்கித் தள்ளினார். எலும்பு முறிந்தது எங்களுக்கே கேட்டது. தம்பி ஓடிப்போய் அவர் காலைக் கடித்தான். அவனைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். காய்கிற காப்பிக்கொட்டையின் வாசனையை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதில் ரத்தமும் சேர்ந்தே வருகிறது.

தையல் பிரிக்கும் முன்பே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டு மெக்கானிக்கிடம் போனாள். பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்த அந்தப் பல்சக்கரத்தை எடுத்து வைத்தாள்.

"அண்ணா, அவருக்கு இதையே திரும்ப மாட்டி உட்ருங்க. நாஞ் சொன்னது தெரியக்கூடாதுங்க."

"சின்னதுல மைலேஜ் வருமேம்மா?"

"சத்தம் வர மாட்டேங்குதுங்களே."

மெக்கானிக் அம்மாவின் புருவத் தையலையும் சக்கரத்தின் பற்களையும் மாறி மாறிப் பார்த்தார். சக்கரத்தை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்.

மூட்டையோடு மேடேற முடியாமல் கிளட்ச் தீய்ந்து, சில நாளில் அப்பாவே அங்கு போய் நின்றார். "நம்ம மேட்டுக்கு இது ஆவாதுங்க. பழசு ஒண்ணு கெடக்குது, மாட்டட்டுங்களா?" என்றார் மெக்கானிக். அது தன் பழைய சக்கரம்தான் என்று அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "நொம்ப நல்ல மனுசன்டி, சும்மாவே குடுத்தான்" என்றார். அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சிரித்தால் தையல் இழுக்கும்.

வண்டி பழையபடி கத்திக்கொண்டு வந்தது. நாங்கள் பழையபடி ஓடினோம்.

பிறகு ஈரல் கெட்டு அப்பா செத்தார். வண்டியை மஞ்சக்குட்டை ஊர்க்காரர் ஒருவர் வாங்கி, காய்கறி ஏற்றிக்கொண்டு எங்கள் மேட்டிலேயே போய்வந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அரிவாள்மனையை ஒளித்துவிடுவாள். அப்புறம் நினைவு வந்து, "பொணத்துக்குப் பயப்படறேன் பாரு" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். சில வருஷத்தில் அவர் மினி லாரி வாங்கிவிட்டு, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அதைக் கேள்விப்பட்ட அன்று அம்மா அரிவாள்மனையை வாசலுக்கே கொண்டுவந்து போட்டாள். ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவசரமில்லாமல் அவரைக்காய் அரிந்தாள்.