டீ செல் பவுலின்

பவுலின் பிறந்த அன்றைக்குத் திம்புள்ளையிலிருந்து கந்தப்பளை வரைக்கும் தேயிலைக் கொழுந்து ஒரு விரற்கடை கூடுதலாக வளர்ந்தது. உலகத்துப் பெரிய டாக்டர்மாரெல்லாம் ஒரே நேரத்தில் தும்மினார்கள். இதற்குச் சாட்சி கிடையாது. இதை எழுதுகிற அவள் தம்பி மிலான் சொன்னால் போதும்.

சாட்சி உள்ள சங்கதி இனிமேல்தான். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயமொன்றில் பிறந்த பவுலின், பேராதனையில் படித்து, 2009இல் அங்கேயே ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் என்ற சுரப்பியைப் பற்றியது அது. "அங்கதான் டீ செல் எல்லாம் பயிற்சி எடுக்குது" என்று வீட்டில் சொல்லப்போக, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற அப்பா லியனார்ட் காதில் 'டீ' மட்டும் விழுந்தது. மகள் தேயிலையை ஆராய்கிறாள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அக்கா கண்டுபிடித்த கொழுந்து தானாகவே கூடைக்குள் குதிக்கும் என்று மிலான் தன் பங்குக்குச் சேர்த்துவிட்டான்.

பவுலின் விடுமுறைக்கு வந்தபோது தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்தக் குதிக்கிற கொழுந்து எப்ப வரும்? எனக்கு முதுகு விட்டுப்போச்சு."

வீட்டுக்கு வந்து பவுலின் உண்மையைப் போட்டு உடைத்தாள்: அந்த 'டீ' தேயிலை இல்லை, ஆங்கில எழுத்து; நோயை எதிர்க்கிற ரத்த அணுவின் பெயர். அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"டீ இல்லையா? அப்ப எதுக்கும்மா அங்க கெடந்து கஷ்டப்படுற? தோட்டத்து ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குக் கூப்பிடுறாங்கல்ல. பேசாம இங்கேயே இரு."

அப்பா வேண்டாமென்றால் பவுலின் போகமாட்டாள். கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு விளக்கினாள்: கடுமையான காய்ச்சல், அழற்சி வந்தால் தைமஸ் சுருங்கும், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பொடித் துண்டுகள் அப்போது கூடும், குறையும். அவற்றின் வேலை என்ன என்பதுதான் கேள்வி. நீண்ட பிரசங்கம் கேட்கிறவர்போல் அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மிலானுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, தைமஸ்னா பெரட்டுக் களம். காலையில ஆள் பிரிச்சு வேலைக்கு அனுப்புறாங்கல்ல? அந்த மாதிரி. சொந்த ஒடம்பையே அடிக்கிற செல்ல, 'நீ வேணாம்'னு அங்கேயே நிப்பாட்டிருவாங்க. காய்ச்சல் வந்தா, வேலை வாங்குற கண்டாக்கையா கத்துற மாதிரி. எல்லாரும் பயந்து ஓடிட்டா களமே காலி."

"அப்ப அந்த மைக்கு?"

"மைக்கு இல்லப்பா, மைக்ரோ. அது சத்தம் போடாது, சத்தத்தக் கொறைக்கும். சின்னக் காய்ச்சலுக்கெல்லாம் களத்த மூடாம பாத்துக்கிறது எந்தத் துண்டுன்னுதான் அக்கா தேடுது."

அப்பா தொடையில் தட்டினார்.

"அட, நம்ம வீரய்யா மாதிரி! கண்டாக்கு கத்துனா, 'வீட்டுல வாங்குன ஏச்ச இங்க கொட்டுறாரு, நீங்க வேலையப் பாருங்க'ம்பானே!"

பவுலின் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதேதான்ப்பா. அந்த வீரய்யா யாருன்னுதான் தேடுறோம்."

"அப்ப பாதியில விட்டுட்டு வருவியா? போய் அவனப் புடிம்மா. டீச்சர் வேலைக்கு வேற ஆளப் பாக்கட்டும்."

பவுலின் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு, ஏதோ உறைத்தவளாக மெல்ல மிலான் பக்கம் திரும்பினாள்.

"இருடா. நான் சத்தமா படிக்கிறப்பெல்லாம் கம்பளிக்குள்ள கொறட்ட விட்டியே, அது பொய்யா?"

மிலான் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி ஒரு குறட்டை விட்டான்.

"நடிக்காத!" காதைப் பிடித்துத் திருகினாள். "களவாணி, ஒன்னு விடாம கேட்டிருக்க!"