அலமாரியில் நின்ற கணவன்

பழைய பள்ளிப் பெஞ்சுகளைப் பிரித்து மேசை, கட்டில் செய்யும் அந்தப் பெண்ணுக்கு ஊரார் வைத்த பெயர் ‘மடக்கு அக்கா’. அவள் கைபட்ட எதுவும் ஒரே வேலையோடு நிற்காது. மேசையை விரித்தால் கட்டில், கட்டிலை நிமிர்த்தி நிறுத்தினால் புத்தக அலமாரி. அவள் வீட்டில் விருந்தாளிகள் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஒருநாள் மதியம் ஒரு தலைமையாசிரியை, பள்ளி நூலகத்துக்கு அலமாரி பார்க்கப் பட்டறைக்கு வந்தார்.

“சின்னப் பிள்ளைகூட ஒரு கையால நிமிர்த்தலாம் மேடம்” என்று சொல்லி, மூலையில் போர்வை மூடிக் கிடந்த கட்டிலை அக்கா தூக்கினாள். அது அசையவில்லை. மானம் போகிறதே என்று பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் நெம்பி நிமிர்த்திவிட்டாள். போர்வை நழுவியது. உள்ளே, உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவன் நெட்டுக்குத்தாக நின்றான்.

தலைமையாசிரியை அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இவரும் இதோட சேர்த்தியாம்மா?”

“இல்லைங்க மேடம். இவரை மடக்கிப் பார்த்தேன், மடங்கலை.”

“எவ்வளவு பாரம் தாங்கும்னு கேட்க இருந்தேன். இப்ப கண்ணாலயே பார்த்துட்டேன். ஆறு செஞ்சு குடுங்க.”

கணவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “பேசி முடிச்சாச்சுன்னா என்னைக் கொஞ்சம் சாய்ச்சு விடு.”