அக்காவின் பாட்டுக்கு எவ்வளவு சத்தம்

கணினியில் சேர்த்திருந்த பாட்டுகளின் சத்தத்தையெல்லாம் ஒரே அளவாக்கினேன். சின்ன வயதில் அக்கா பாடி, அப்பா கேசட்டில் பதிந்த பாட்டும் அதில் இருந்தது. இதுவரை முணுமுணுப்பாகக் கேட்ட அவள் குரல் உரக்க எழுந்தது. கூடவே, பின்னால் அப்பாவின் குரலும் கேட்டது: "மெல்லப் பாடு மோளே, மேல சேட்டன் இருக்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் தலைக்கு மேல் மாடியில் மலையாளி வீட்டுக்காரர் இருந்தார். சாயங்காலமானால் அவருடைய ஸ்பீக்கர் சத்தத்தில் எங்கள் அலமாரிப் பாத்திரங்கள் அதிரும். அக்கா வாய் திறந்தால் மட்டும் இறங்கி வந்துவிடுவார்.

"இது தமிழன்மாருடெ சந்தையாணோ?"

ஒருநாள் அக்கா கேட்டுவிட்டாள்: "உங்க பாட்டை நாங்க தெனம் கேக்கலியா சேட்டா?"

நகராட்சிக் குப்பை வண்டி தள்ளிக் காய்த்துப்போன கையால் அப்பா அவளை அறைந்தார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே படியேறினார். அதற்கப்புறம் அக்கா பாடவேயில்லை.

இப்போது ஆலுவாவிலிருந்து வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டு, பாட்டை மறுபடி போட்டேன். ஒரு வரி முடிவதற்குள் எட்டிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"பக்கத்து வீட்ல என்ன நெனப்பாங்க?"

"இது நம்ம சொந்த வீடுக்கா!" என்று கத்தினேன்.

அவள் பதறிப்போய் எழுந்து, ஜன்னலைச் சாத்தினாள்.