பான் செயோ தின்னப் பழகியது

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மகளும் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மல்வேர்ன் அப்பார்ட்மென்டில் நானும் தொலைக்காட்சியும்தான். மகள் வீட்டாருக்கு வியட்நாம் சாப்பாடு என்றால் உயிர். "அப்பாவோட ஒரு கடைக்கும் போகேலாது. சோறு இல்லாட்டி முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருப்பார்" என்று அவள் மருமகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை, கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, ஒரு வியட்நாம் கடைக்குத் தனியே போய்ப் பழகத் தொடங்கினேன். முதலில் ஃபோ. கறுவாவும் அன்னாசிப்பூவும் போட்டு எலும்பை மணிக்கணக்காக அவித்த சாறு, அதற்குள் அரிசி நூடில்ஸ். மாடு நமக்கு ஆகாது, கோழிதான் கேட்டேன். பச்சை இலைகளைக் கிள்ளிப் போட்டுத் தேசிக்காய் பிழிந்தால், அப்பாடா, மூக்கடைத்த தடிமனெல்லாம் பறந்துவிடும்! பிறகு பான் மீ. மொறுமொறுவென்று வெதுப்பிய நீளப் பாணுக்குள் இறைச்சி, விநாகிரியில் ஊறிய கரட், கொத்தமல்லி. உறைப்புக் காணாது என்று பச்சைமிளகாய் கேட்டு வாங்கிக் கடித்தேன்.

பான் செயோவில்தான் மானம் போனது. அரிசிமாவில் மஞ்சள் கலந்து சுட்ட தோசை மாதிரி, உள்ளே இறாலும் முளைவிட்ட பயறும். நான் என் பாட்டில் பிய்த்துத் தின்றுவிட்டு, பக்கத்துக் கிண்ணத்தில் இருந்ததை ரசம் என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டேன். அது தோய்த்துத் தின்ன வைத்த மீன்சோஸ்! கடைக்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சலாது இலையில் ஒரு துண்டை வைத்து, புதினாவோடு சுருட்டித் தோய்த்துக் காட்டினார். அந்த வாரம் என்னோடு முகம் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மகள் வருவதாகச் சொன்னாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

"பிள்ளை, இண்டைக்கு வியட்நாம் கடைக்குப் போவம்" என்று வாசலிலேயே தொடங்கினேன்.

"ஐயோ அப்பா, எங்களுக்காக நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். நாங்கள் அங்கதான் சாப்பிட்டிட்டு வாறம். உங்களுக்கெண்டு இடியப்பமும் சொதியும் தேடி வாங்கினனான்."

பொதி சுடச்சுட இருந்தது. அவ்வளவு பாசமாக நீட்டுகிறவளிடம் என்னத்தைச் சொல்ல? "நல்லது பிள்ளை" என்றேன்.

"இருந்து சாப்பிடுங்கோ அப்பா, ஆறிப்போயிடும்" என்று சொல்லி, மகள் ஒரேயொரு தட்டைக் கழுவி மேசையில் வைத்தாள்.