நான் டிக் எடுத்த வீடுகள்

அந்த இரண்டு மாதமும் எனக்கு வயிறு எரியத் தொடங்குகிற நேரம் காலை ஒன்பது மணி. லால்குடியிலிருந்து ரயிலில் வந்து ஸ்ரீரங்கத்தில் இறங்கி, அந்தப் பெண் எங்கள் ஆபீஸ் படியேறுகிற நேரம் அது. வந்ததும் ஒரு சிரிப்பு, "சாப்டீங்களாண்ணே" என்று ஒரு விசாரிப்பு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. அதுவே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

நான் கேபிள் டிவி காலத்தில் தோளில் ஏணியோடு தெருவுக்கு வந்தவன். இப்போது ஸ்ரீரங்கத்திலும் காவிரிக்கு அந்தக் கரையில் மலைக்கோட்டைக் கடைத்தெருக்களிலும் இன்டர்நெட் கொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியில், லைன் ஆட்களுக்கெல்லாம் மூத்தவன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போனதைத் திறந்து திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். மிச்சத்தை வாயால் சமாளித்தேன். ஜனங்கள் பேசுகிற பேச்சு எனக்கு உயிர். நெட் நின்றுபோன ஒரு நாள் ஒரு மாமி, "ஆத்துல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துண்டு உக்காந்திருக்கோம், பயமா இருக்கு, சீக்கிரம் வாங்கோ" என்று போனில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அதைப் பத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்காக. இன்டர்நெட்டில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் வேண்டும், அதுதான் அதன் விலாசம். பழைய வகை நம்பர்கள் உலகத்திலேயே தீர்ந்துபோய், எங்களைப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே நம்பருக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறோம். வி சிக்ஸ் என்கிற புது வகையில் வீட்டுக்கு வீடு தனி நம்பர் கொடுக்கலாம், தீரவே தீராது. அதை எங்கள் லைனில் கொண்டுவருவதுதான் அவள் வேலை. முதலாளி இரண்டு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் சோதனைக்கு எடுத்த தெருக்களில் வீடுகள் புது நம்பருக்கு வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார். திட்டம் போனால் அவள் வேலையும் போகும். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும்.

உத்திர வீதியில் ஒரு மாமா. நான் எப்போது போனாலும் காபி உண்டு. ஒருநாள் தம்ளரை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தார்: "உங்க ஆபீஸ் பொண்ணு என்ன அழகா சொன்னா தெரியுமோ? நம்மாத்து வாசல்ல பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டும் எழுதியிருக்கோல்லியோ, அது மாதிரிதானாம். கொஞ்ச காலம் ரெண்டும் இருக்குமாம். எதைப் போட்டு லெட்டர் வந்தாலும் வந்து சேந்துடுமாம்."

இதே விஷயத்தை இதே மாமாவுக்கு நானும் விளக்கியிருந்தேன். பெரிய காம்ப்ளெக்ஸ், ஒரே கேட், எல்லாக் கடிதமும் வாட்ச்மேன் கையில் என்று கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அதற்கு அவர் "ஓஹோ" என்றார், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாக அந்த வாசல்களில் பழைய எண்ணையும் புது எண்ணையும் பார்த்துத்தான் நான் வீடு தேடுகிறேன். எனக்குத் தோன்றாதது லால்குடியிலிருந்து வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. காபித் தம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதைவிடக் கேவலம் இரண்டு நாள் கழித்து நடந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே வளையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, கடைக்கு மேலேயே வீடு. கணவர் சவுதியில். கடையில் மாட்டிய கேமராவை அங்கிருந்து அவர் பார்க்க வேண்டும், ஒரு வருஷமாக முடியவில்லை. ஒரே நம்பருக்குப் பின்னால் நூறு வீடு இருந்தால், வெளியிலிருந்து வருகிறவனுக்கு இந்தக் கடை எது என்று தெரியாது. முடியாதும்மா, முடியாதும்மா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு, ஏதோ அப்போதுதான் எனக்கே உதித்த மாதிரி, அந்தப் பழைய நம்பர், புது நம்பர் கதையை எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமாண்ணே, அந்தத் தங்கச்சி போன வாரமே சொல்லிட்டாங்க" என்றார்.

திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

இதற்கிடையில் சோதனைத் தெருக்களில் ஒன்றும் நகரவில்லை. ஆபீஸ் முனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, புது நம்பர் தயாராக நிற்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் வீடுகள் வரவில்லை. ஏதோ நாலு வீடு, இங்கொன்று அங்கொன்று. அவள் கேபிள் முனைப் பெட்டிகளைச் சோதித்தாள். ரௌட்டர் கம்பெனிக்கு மெயில்மேல் மெயில் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா மூடியபடியே லால்குடிக்குத் திரும்பிப் போனதைக்கூட நான் பார்த்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு மேலே லைன் கொடுத்த கம்பெனி, இந்த வி சிக்ஸை அரைகுறையாகத் திறந்துவிட்டிருந்தது. வீட்டிலிருக்கும் போன் புது வழியில் போய்ப் பார்த்து, கதவு திறக்காமல் காத்திருந்து, பிறகு பழைய வழிக்குத் திரும்பும். ஒவ்வொரு பக்கமும் திறக்க நேரமாகும். ஊரெல்லாம் ஸ்லோ, ஸ்லோ என்று புகார். ரௌட்டரின் செட்டிங்கில் நோண்டி நோண்டி நானே கண்டுபிடித்தேன், வி சிக்ஸுக்கான ஒரு டிக்கை எடுத்துவிட்டால் நெட் பறக்கிறது. அப்புறம் அதை எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் பாடமாக்கினேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டிக்கை எடு, அப்புறம் காபி குடி. அது எதற்கான டிக் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவுமில்லை. மேலே கம்பெனி மாறிப்போன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. இரண்டு கரையிலும் நாங்கள் கைவைத்த வீடெல்லாம் உள்ளே அணைந்து கிடந்தது. அவள் வெளியே தேடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நேராகவே கேட்டாள்: "அண்ணே, ரௌட்டர்ல நம்ம ஆளுங்க ஏதாவது மாத்துவாங்களா?"

"அதெல்லாம் கம்பெனி செட்டிங்தாம்மா. யாரு தொடப்போறா" என்றேன்.

நாக்கு கூசவில்லை. இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையா என்று உள்ளே ஒரு குளிர்ச்சி இருந்தது. அந்தக் குளிர்ச்சியோடு ஒன்பது நாள் ஓடியது. முதலாளி சனிக்கிழமை கணக்கை முடித்துவிடலாம் என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை வளையல் கடையில் லைன் கட். எலி ஏதோ கடித்திருந்தது, ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கருவிகளை எடுத்து வைத்தேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நேத்து அந்தத் தங்கச்சி இங்க வந்து தரையில உக்காந்து பெட்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துச்சுண்ணே. கண்ணு கலங்கிருச்சு. 'என் வேலை எனக்கே தெரியலையோன்னு பயமா இருக்கு அக்கா'ன்னு சொல்லுச்சு. பாவமாப் போச்சு. அதுக்காக அல்லாகிட்ட துஆ கேக்கச் சொல்லி சவுதில எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிருக்கேன்."

அந்த வாக்கியம் என்னுடையது. ஏணி ஏறிய முதல் நாளிலிருந்து, டை கட்டிய எவனாவது ஆபீசுக்கு வரும்போதெல்லாம் நான் எனக்குள் சொல்லிக்கொண்டது. ஒருவரிடமும் வெளியே சொன்னதில்லை. அவளானால் ஒரு வளையல் கடைத் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தத் தைரியத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது, அதை மறைத்து என்ன பயன். ஆனால் அதைத் தினமும் அவளைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தவன் நான்.

லேப்டாப்பை வெளியே எடுத்து, ரௌட்டரைத் திறந்து, டிக்கைத் திரும்பப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புது நம்பர் வந்து உட்கார்ந்துவிட்டது. கடை வாசலில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது இதுதான்: "எத்தனை வீடுண்ணே?"

"நாங்க கை வச்ச வீடெல்லாம்தாம்மா."

"ஏன் எடுத்தீங்க?"

அந்தப் பழைய ஸ்லோ கதையைச் சொன்னேன். நடு நடுவே கேள்வி கேட்டாள். எழுதிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. "அப்போ அன்னிக்கு நீங்க செஞ்சது சரிதாண்ணே" என்றாள். எழுதி முடித்ததும், "நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்மா."

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

சனிக்கிழமை முதலாளி அறையில் அவள் பேசினாள். வீட்டு ரௌட்டர்களில் ஒரு செட்டிங் அணைந்திருக்கிறது, நம் அண்ணன்தான் கண்டுபிடித்துச் சொன்னார், வீடு வீடாகப் போய்ப் போட்டால் போதும், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். அணைத்தது யார் என்ற பாதியை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. முதலாளி என் முதுகில் தட்டினார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பெருந்தன்மையும் அவளிடம்தான் இருக்கவேண்டுமா என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையிலும் வயிறு எரிந்தது.

ஒரு மாதம் தவணை நீண்டது. நானும் ஆட்களும் தெருத் தெருவாகப் போனோம். டிக் எடுக்கக் கற்றுக்கொடுத்த அதே ஆட்களுக்கு டிக் போடக் கற்றுக்கொடுத்தேன். மாதக் கடைசிக்குள் வீடுகள் வந்துவிட்டன. அவள் வேலையும் நிலைத்தது.

வளையல் கடைக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க மட்டும் ரௌட்டரில் ஒரு அனுமதி எழுத வேண்டியிருந்தது. அவள் சொல்லிக்கொடுக்க நான் எழுதினேன். சவுதியில் அவர் போனிலும் புது வகை நம்பர் இருந்ததால் படம் திறந்துகொண்டது. வீடியோ காலில் அந்த மனிதர் கேமராவில் தெரிந்த வளையல் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்! அந்தப் பொண்ணுக்கு என் சலாத்தை மறக்காம சொல்லுங்கண்ணே, நீங்களே நேர்ல சொல்லுங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வந்தாள், "சாப்டீங்களாண்ணே" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அந்த சலாத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.