குழாய் நழுவிய நாற்பது நிமிடம்

அந்தக் குழாய் வெளிர் நீல நிறத்தில் இருக்கும். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமன். நுனியில் ஒரு சிறிய பலூன், ஊதினால் நெல்லிக்காய் அளவு. இதயத்தைத் திறந்து வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நின்ற இதயம் பட்டினி கிடந்து சாகாமல் இருக்க, மருந்து கலந்த குளிர்ந்த இரத்தத்தை இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் அதன் தசைக்குள் அனுப்ப வேண்டும். வழக்கமான பாதை முன்பக்கம், தமனி வழியாக. வால்வு கசிகிறவர்களுக்கு அந்தப் பாதை சரிப்படாது. அவர்களுக்கு இந்த நீலக் குழாயை வலது மேலறை வழியாக விட்டு, இதயத்தின் முதுகுப்புறம் ஓடும் பெரிய சிரைக்குள் செருகி, பின்பக்கமாக மருந்தை ஏற்றுவோம். சரியாக உட்கார்ந்தால் உயிரைக் காப்பாற்றும். கொஞ்சம் நழுவினாலும் ஒன்றுக்கும் உதவாது. நழுவியதை முதலில் காட்டிக்கொடுப்பது குழாயின் மறுமுனையில் உள்ள அழுத்தமானி. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை.

இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறவன் நான். அந்தப் படிப்புக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் பம்ப்காரர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பெரிய டாக்டருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அவருடன் நீண்ட காலம் நின்றவன் என்பதால் என்னிடமும் ஒரு பக்கம் வேண்டுமாம். ‘அன்னாரின் கைவண்ணம் குறித்து’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்.

கைவண்ணத்தை நான் மறுக்கவில்லை. நூலும் ஊசியும் அவர் விரலில் பழகிய அழகை வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் பார்த்து வியந்தார்கள். அவரும் வியந்துகொள்வார். வார்டில் சுற்றி வரும்போது பின்னால் பத்துப் பேராவது நடக்க வேண்டும். நோயாளிக்குப் பெயர் கிடையாது. ‘அந்த வால்வு எப்படி இருக்கு’, ‘இந்தப் பைபாஸ் சாப்பிட்டுதா’ என்றுதான் கேட்பார். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் கொடுப்பார். வருடம் முழுவதும் வாங்கிய ஏச்சுக்கு அதுதான் ஈடு. பெட்டியை வாங்கும்போது கையைப் பிடித்துக் குலுக்குவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

அவருக்குப் பிடிக்காத ஒன்று எண். இரத்த அழுத்தம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று யாராவது சொன்னால் தன்னைச் சோதிப்பதாக நினைத்துக்கொள்வார். எனக்கு முன்னால் அந்த இயந்திரத்தில் இருந்தவர் நல்ல தொழில்காரர். வெளியூர் டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், “பிரஷர் குறையுது டாக்டர்” என்று சொல்லிவிட்டார். “அப்போ நீயே வந்து தையேன்யா” என்றார் பெரிய டாக்டர். வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்த ஆள் வேலையில் இல்லை. அதிலிருந்து எங்கள் அறையில் ஒரு வழக்கம் பிறந்தது. மருந்து கொடுக்கும்போது அழுத்தத்தைச் சொல்வதில்லை. “ஓடுது டாக்டர்” என்று மட்டும் சொல்வது. உலகத்தில் வேறெங்கும் இதயத்தை இப்படிக் காப்பாற்றுவதில்லை. பாடப்புத்தகத்தில் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும் எண், எங்கள் ஊரில் என் கண்ணோடு நின்றுவிடும்.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் வால்வு கசிவோடு வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிகிச்சைக்கு முந்தின நாள் நோயாளியைப் பார்த்து இயந்திரத்தைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

“கம்ப்ரசர் மாதிரின்னு சொல்லுங்க அண்ணாச்சி. நான் கீழ கெடப்பேன், நீங்க மேல இருந்து காத்து விடுவிய.”

“ஆமா, அதேதான்.”

“எனக்கு எங்க மச்சான்தான் குழாய் பிடிப்பான். எஞ்சின் ஓடுதான்னு காதால கேட்டுட்டு இருந்தா ஆவாது. எஞ்சின் அது பாட்டுக்கு ஓடும், குழாய் மடங்கிக் கெடக்கும். கைய எடுக்கவே கூடாது. சம்மாட்டி கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. நாங்க அவன டீ குடிக்கதுக்கே விட மாட்டோம்.”

சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். கடலில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்தக் குழாய் விஷயத்தில் மட்டும் அவர் வாய் திறக்க முடியாதாம். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, “ஏன் அவியளப் போட்டு அறுக்கிய?” என்றாள்.

“நாளைக்கு அவிய என்னைய அறுக்கப் போறாவல்லா, அதுக்கு முன்பணமா இருக்கட்டும்” என்று அவர் சிரித்தார். அறுப்பது பெரிய டாக்டர், நான் வெறும் பம்ப் என்று திருத்தினேன். அந்தத் திருத்தத்தில் எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத் தொடங்கியது. இதயம் நின்றது. நீலக் குழாய் வழியாக முதல் தவணை போனபோது முப்பது காட்டியது. பிறகு பெரிய டாக்டர் இதயத்தை ஒரு கையால் தூக்கி, தனக்கு வசதியாகத் திருப்பி வைத்தார். இருபது நிமிடம் கழித்து இரண்டாம் தவணை. அழுத்தமானி ஏழு காட்டியது. ஏழு என்றால் குழாய் சிரையில் இல்லை, நழுவி மேலறைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அனுப்பும் மருந்து இதயத் தசைக்குப் போகாமல், மேலறையிலிருந்து நேராக என் இயந்திரத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. பாத்திரத்தில் அளவு குறையவில்லை, பம்ப் சீராகச் சுற்றியது. நான் சொன்னேன்: “ஓடுது டாக்டர்.”

மயக்க மருந்து டாக்டரம்மா திரையின் மேலாக என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த ஏழு தெரிந்தது. அவரும் பேசவில்லை. இன்னும் இருபது நிமிடம் கழித்து ஆறு. அதற்கும் “ஓடுது” என்றேன். வால்வோடு பெருந்தமனியின் அடிப்பகுதியும் கெட்டிருந்ததால் வேலை நீண்டது. திறந்து கிடக்கும் தமனியின் அடியில், கறுத்த இரத்தம் ஊறி வருகிறதா என்று பெரிய டாக்டரே பார்த்திருக்கலாம். ஊறாவிட்டால் மருந்து போகவில்லை என்று முதல் வருட மாணவனுக்கும் தெரியும். அவர் தன் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆனபோது, நேர்க்கோடாகக் கிடக்க வேண்டிய ஈசிஜி நடுங்கத் தொடங்கியது. பசித்த இதயம் தானாக விழித்துக்கொள்ளப் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்த மருந்து பம்ப்பை நான் நிறுத்தினேன்.

“ஏன்யா நிறுத்தினே?”

“பிரஷர் ஆறு டாக்டர். குழாய் உள்ள இல்லை.”

“உன்கிட்ட நான் பிரஷர் கேட்டேனா?”

“கேக்கல டாக்டர். ஆனா போகலை.”

அவர் இதயத்துக்குப் பின்னால் விரலைவிட்டுத் தடவினார். குழாயை எடுத்து மறுபடி செருகினார். இருபத்தெட்டு. அந்த எண்ணை நான் உரக்கச் சொன்னேன். அதற்குள் எனக்கு வீரம் வந்திருந்தது.

அந்த இதயத்தை இயந்திரத்திலிருந்து பிரிக்க மூன்று மணி நேரம் ஆனது. பிரிந்த பிறகும் பழைய பலம் வரவில்லை. மனிதர் பிழைத்தார், தண்ணீருக்குள் இனி இறங்க முடியாது, மாடிப்படிகூட ஏற முடியாது. வராந்தாவில் காத்திருந்த மனைவியிடமும் தம்பியிடமும் பெரிய டாக்டர் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. “வால்வு அருமையா அமைஞ்சிருக்கு. ஆனா இத்தனை வருஷம் கடலடியில முங்கினா இதயம் என்னத்துக்காகும்? கடல்தான் தின்னுருக்கு.” அந்தத் தம்பியும் சங்கு குளிக்கிறவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இரண்டடி தள்ளி, முகமூடியைக் கழற்றாமல் நின்றேன்.

என் பதிவுத் தாளில் ஏழும் ஆறும் உள்ளபடியே எழுதப்பட்டிருந்தன. பெரிய டாக்டர் அதை மாற்றச் சொல்லவில்லை. அவருக்கு அதைப் படிக்கும் பழக்கமே கிடையாது. அந்த வருடமும் மக்ரூன் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மலருக்கான பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது, ‘அன்னார்’ என்ற சொல்லுக்கு மேல் பேனா நகரவில்லை. மூன்றாம் நாள் காலை கிளம்பி திரேஸ்புரம் போனேன். ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்த விலாசம் மாறவில்லை. சங்கு குளித்தவர் நாற்காலியில் இரண்டு தலையணைக்கு நடுவே இருந்தார், கால்கள் வீங்கியிருந்தன. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க, கம்ப்ரசர் அண்ணாச்சி” என்றார். மனைவி டீ கொண்டுவந்தாள்.

பெரிய டாக்டர் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். குழாய், ஏழு, ஆறு, நான் வாய் மூடியிருந்த நாற்பது நிமிடம் எல்லாவற்றையும். கடல் ஒன்றும் தின்னவில்லை என்றும் சொன்னேன்.  முடித்தபோது அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடல் தின்னுட்டுதுன்னு சொல்லித்தான் தம்பியவும் கரையேத்தினேன்” என்றார். “மாதா கோயில்ல வச்சு சத்தியம் வாங்கினேன். எறங்கவே கூடாதுன்னு. இப்போ குடோன்ல வாச்மேனா நிக்கான்.”

“தப்புதான்” என்றேன். “அந்த நாற்பது நிமிஷம்…”

“நாப்பது நிமிசத்த விடுங்க. அங்க அவரு சம்மாட்டி, நீங்க கூலிக்காரரு. அதுக்குப் பொறவு பதினோரு வருசம், எங்கன இருந்திய?”

“புதுக்கோட்டையில.”

“நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையிலயா? பஸ்ஸுல அரைமணி நேரம் வருமா?”

“வரும்.”

அவர் மனைவி, நான் பாதி குடித்திருந்த டீத் தம்ளரை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏளா, தம்பி தூங்கிட்டா கெடக்கான்? எழுப்பிக் கூட்டிட்டு வா. இவிய சொன்னத அவன்ட்டயும் ஒரு தடவ சொல்லட்டும்.”

நான் எழுந்திருக்கவில்லை. தம்பி காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடியே உள்ளே வந்தார், நரைத்திருந்தார். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, “சொல்லுங்க” என்றார். சொன்னேன். இந்த முறை பெரிய டாக்டரில் தொடங்கவில்லை.